நானூறு வருஷ வீட்டுக்கு நான் அடித்த சுண்ணாம்பு

இங்கிலாந்தில் எனக்கு முதல் வரவேற்புக் கொடுத்தது ஓர் உத்திரம். வாசலைத் தாண்டி ஓரடி வைத்தேன், நெற்றியில் டங்கென்று விழுந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. "ஐயோ, சொல்ல மறந்துவிட்டேன்," என்றார் மார்கரட் அம்மா. "கவலைப்படாதீர்கள். நானூறு வருஷமாக எல்லோரும் அதில் ஒரு தடவை இடித்துக்கொள்கிறார்கள்." நான் ஒரு தடவையோடு நிற்கவில்லை. அங்கிருந்த மூன்று வாரத்தில் பதினோரு தடவை இடித்துக்கொண்டேன். இத்தனைக்கும் எங்கள் தோட்டத்தில் என்னை யாரும் உயரமானவன் என்று சொன்னதே இல்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தோட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. மார்கரட் அம்மா இங்கிலாந்தில் சஃபக் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓய்வு பெற்ற டீச்சர். எங்கள் பிள்ளைகளும் அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கடிதம் எழுதிப் பழகட்டும் என்று ஏற்பாடு செய்தோம். பிள்ளைகள் இரண்டு கடிதத்தோடு கைகழுவிவிட்டார்கள். நாங்கள் இருவரும்தான் ஏழு வருஷம் விடாமல் எழுதினோம். நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த அந்த வருஷம், "வந்து மூன்று வாரம் இருங்கள், என் வீட்டைப் பாருங்கள், அது அரசாங்கம் பாதுகாக்கிற பழைய வீடு" என்று எழுதியிருந்தார்.

பாதுகாக்கிற வீடு என்றதும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், ஒரே பேச்சு. வாசலில் மணல் மூட்டை இருக்கும், துவக்கோடு ஆள் நிற்பான், அடையாள அட்டையை மறக்க வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் அதையெல்லாம் நம்பவில்லை. தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையின் பங்களாவைப் போல மூன்று மடங்கு இருக்கும் என்று மட்டும் நினைத்தேன். வெள்ளைக்காரத் தொரைமார் இங்கே வந்தே அப்படிக் கட்டினார்கள் என்றால் சொந்த ஊரில் எப்படிக் கட்டியிருப்பார்கள்! அந்த வீட்டுக்கு ஏற்ற மாதிரி பஸாரில் ஒரு கோட்டுத் தைத்தேன். தையல்காரர் தோள்பட்டைக்குப் பஞ்சு வைத்தார். போட்டுப் பார்த்தபோது என் மனைவி பாக்கியம் இருமலோடு இருமலாகச் சிரித்தாள்.

பாக்கியத்தின் இருமலைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது. அவள் தோட்டத்தில் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். நாங்கள் இருக்கிற ஒற்றை அறை லயத்துக் காம்பரா அவள் பெயரில் கிடைத்தது. நான் வாத்தியார் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்து வாசலோடு சரி. காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் திண்ணை, ஒரு கதவு, மூலையில் அடுப்பு. ஜன்னல் கிடையாது. ஈர விறகு புகைந்தால் புகைக்குப் போக வழியில்லை, அவளுடைய நெஞ்சுக்குள்தான் போகும். ஐந்து வருஷமாக இழுப்பு. "பின்சுவரில் ஒரு ஜன்னல் வச்சா போதும்," என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் தொரைக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் ஒன்றைவிட ஒன்று பணிவான ஆங்கிலம். மூன்றாவதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. லயக் காம்பராக்களில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது.

புறப்படுகிற அன்று பாக்கியம் பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள், "நல்லா போய்ட்டு வாங்க. வரப்ப அந்த வெள்ளைக்காரம்மாகிட்ட சொல்லி ஒரு ஜன்னல் வாங்கிட்டு வாங்க." அவள் கேலிதான் செய்தாள். எனக்குச் சுருக்கென்றது.

இப்போது வீட்டுக்கு வருவோம். பங்களாவும் இல்லை, மூன்று மடங்கும் இல்லை. ரோஸ் நிறத்தில், கோணல்மாணலாக, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மாடி கீழ்வீட்டைவிட ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு இருந்தது. கறுத்துப்போன ஓக் மரக் கட்டைகள் சுவர் முழுக்க நெடுக்கும் குறுக்குமாக ஓடின. சுவர்தான் அந்த மரச் சட்டத்தில் தொத்திக்கொண்டு நிற்கிறது, மரம் சுவரை நம்பி இல்லை. மாடிப் படியில் பக்கவாட்டில்தான் ஏற முடியும். என் அறைத் தரை அவ்வளவு சரிவு. கட்டிலுக்கு அடியில் கழற்றி வைத்த சப்பாத்து காலையில் கதவடியில் கிடந்தது. நேராக ஒரு கோடு அந்த வீட்டில் எங்குமே இல்லை. எங்கள் லயத்தை ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும். என் கோட்டை முதல் நாளே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கீழே பின்பக்கத்து அறையில் மார்கரட் அம்மாவின் தம்பி வால்டர் படுத்திருந்தார். ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போய் ஆறு வருஷம். படிகள் அப்படி இருக்கும்போது அவரை மாடிக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்த அறைக்கு ஒரு கதவுதான், ஜன்னல் இல்லை. பகலிலும் விளக்கு. நான் உள்ளே போனதும் கால் தானாக எங்கள் வீட்டில் அடுப்பு இருக்கும் மூலைக்குத் திரும்பியது. அப்படியே எங்கள் காம்பரா இருட்டு.

"பின்னால் ஒரு ஆப்பிள் மரம் இருக்கிறது," என்றார் வால்டர். "நான் நட்டது. இப்போது பூத்திருக்கும் என்று அக்கா சொல்கிறாள். அவள் பொய் சொல்வாளா என்று எனக்குத் தெரியாது."

ஒரு ஜன்னல் வைத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு மார்கரட் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த வீடு பாதுகாக்கப்பட்ட வீடு. ஜன்னல் வைக்க, கதவை மாற்ற, வெளிச்சுவரின் நிறத்தை மாற்றக்கூட எழுதி அனுமதி கேட்க வேண்டும். அவர் இரண்டு தடவை எழுதியிருந்தார். பழைய சுவரில் புதிதாக ஜன்னல் வைத்தால் வீட்டின் தன்மை கெட்டுவிடும் என்று இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாக எழுதியதில், நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்திருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை ஆபிசர் வருவாராம்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மார்கரட் அம்மாவின் முகம் சுருங்கியது. "மன்னியுங்கள் அம்மா," என்றேன். "நானும் பாதுகாக்கப்பட்ட வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் அப்படி இருநூறு வீடு இருக்கிறது." பிறகு என் மூன்று கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். அப்புறம் எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார். அங்கே துக்கம் விசாரிக்கிற முறை அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். உருளைக்கிழங்கு அவித்து வைப்பார், அடுத்த நாள் உருளைக்கிழங்கைச் சுட்டு வைப்பார், மூன்றாம் நாள் மசித்து வைப்பார். உப்பு மேசையில் இருக்கும், அவரவர் தலையெழுத்துக்குத் தக்கபடி போட்டுக்கொள்ளலாம். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கோதுமை மாவில் ரொட்டி சுட்டு, பாக்கியம் மிளகாயை இடித்துப் போத்தலில் அடைத்துக் கொடுத்த கட்ட சம்பலை வைத்தேன். வால்டர் ஒரு வாய் வைத்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, பேச முடியாமல் கையை ஆட்டினார். நான் பயந்து தண்ணீருக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது இரண்டாவது ரொட்டியை எடுத்திருந்தார்.

ஒரு நாள் பட்டணம் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். கிராமத்து பஸ் நிறுத்தத்தில் பணிவாக நின்றேன். பஸ் வந்தது, போனது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று வந்தது, அதுவும் போனது. எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்காதவனையும் கொண்டக்டர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவான். யட்டியாந்தோட்டைக்குப் போக வேண்டியவனை அவிசாவளைக்கே கொண்டுபோய் இறக்குவான். இங்கே கையைக் காட்டினால்தான் நிற்குமாம். மூன்றாவது பஸ்ஸுக்கு இரண்டு கையையும் காட்டினேன். ஓட்டுநர் ஏதோ விபத்து என்று நினைத்து இறங்கி ஓடி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பஸாரில் இருக்கிற ஹனிபா நானாவின் கடைக்குப் போன் எடுப்பேன். சொல்லிவைத்த நேரத்துக்குப் பாக்கியம் அங்கே வந்திருப்பாள். முதல் ஞாயிறு பேசியதில் பாதி அவள் இருமல். "மழை விடாம பேயுதுங்க. வெறகு எல்லாம் ஈரம். கதவ தொறந்து வச்சா சாரல் அடிக்குது, மூடுனா பொகை," என்றாள். நான் ஆப்பிள் மரம் பூத்திருக்கிறது என்று சொன்னேன்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை. மறுநாள் ஆபிசர் வருகிறார். மார்கரட் அம்மா மருந்து வாங்கப் பட்டணத்துக்குப் போயிருந்தார். நான் வீட்டைச் சுற்றி வந்தேன், பின்சுவரைப் பார்த்ததும் நெஞ்சு பகீரென்றது. வால்டருடைய அறைச் சுவர் ஒரே அழுக்கு, பாசி, அங்கங்கே பொரிந்து கிடந்தது. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன், இந்த அம்மா சுவரை இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே!

எங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் என்றால் சுண்ணாம்பு. கொழும்பிலிருந்து கம்பெனி ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் லயம் முழுக்க வெள்ளை ஏறிவிடும். கூரை ஒழுகலாம், கதவு தொங்கலாம், சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து இதைத்தான் பார்த்து வளர்ந்தேன். பின்பக்கத்து ஷெட்டுக்குள் பார்த்தால் ஒரு வாளி நிறைய ஊறிய சுண்ணாம்பு, பெரிய தூரிகை, ஏணி. கடவுளே எடுத்து வைத்த மாதிரி இருந்தது. உடுத்தியிருந்த சாரத்தை மடித்துக் கட்டினேன். இத்தனை நாள் தின்ற கேக்குக்கு ஒரு உபகாரமாவது செய்வோம் என்றுதான் ஏறினேன்.

சுண்ணாம்பு அடிக்கும் முன் பழையதைச் சுரண்ட வேண்டும், அது எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சுரண்டினேன். மேல் உத்திரத்துக்குக் கீழே ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பூச்சு பொலபொலவென்று என் தலையில் விழுந்தது. உள்ளே பார்த்தால் மண். வெறும் மண்ணும் வைக்கோலும் சாணமும், குச்சி வைத்துப் பின்னியது. அரசாங்கம் பாதுகாக்கிற நானூறு வருஷ வீடு மண் வீடு! ஆச்சரியப்பட நேரமில்லை, அதற்குள் இன்னொரு துண்டு விழுந்தது. உத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக ஐந்து ஓட்டை. ஒவ்வொன்றும் சாய்ந்து நிற்கிற சதுரம், உள்ளே களிமண். கறையான் அரித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். கறையான் சதுரமாக அரிக்குமா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மீதிச் சுவருக்கு அவசர அவசரமாக வெள்ளை அடித்துவிட்டு, ஓட்டை இருந்த இடத்துக்கு முன்னால் ஏணியில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைத்தேன். ஒளித்து வைக்கிறதும் எங்களுக்குக் கைவந்த கலைதான். இன்ஸ்பெக்ஷன் அன்று லயத்தில் ஒரு ஆட்டைக்கூடப் பார்க்க முடியாது.

மார்கரட் அம்மா வந்தார். ரோஸ் வீட்டின் பின்பக்கம் பாதி வெள்ளையாக நின்றது. அவர் தோட்டத்துப் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நிறத்தை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும்," என்றார் கடைசியில். "அனுமதியில்லாமல் சுவரைத் தொட்டதைப் பார்த்தால் நாளைக்கு ஜன்னலைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்."

ஊரில் மூன்று கடிதம் எழுதி ஒரு ஜன்னலைக் கொண்டுவர முடியாதவன், இங்கே ஒரே காலையில் இன்னொருவருடைய ஜன்னலையும் கெடுத்துவிட்டேன். சாக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உள்ளேயிருந்து வால்டர் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பு அடங்கியதும் இருட்டில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலையிலேயே குளியலறைச் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு, சாக்கை விலக்கி ஏணியில் ஏறினேன். ஓட்டைகளைச் சவர்க்காரத்தால் அடைத்து மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் ஆபிசர் கண்ணில் படாது. எங்கள் தகரக் கூரை ஓட்டைக்கு நாங்கள் சவர்க்காரம்தான் வைப்போம். ஒரு ஓட்டையை அடைத்து முடித்தேன். அப்போது பின்வாசல் வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முழங்கால் வரை சேறு படிந்த சப்பாத்து, காற்றில் கலைந்த தலை. முட்டை கொண்டு வருகிற பெண் என்று நினைத்தேன்.

"முட்டையை அங்கே வைத்துவிட்டுப் போம்மா," என்றேன் ஆங்கிலத்தில். "ஆபிசர் வருகிற நேரம்."

"எந்த ஆபிசர்?" என்றாள்.

ஆபத்தில் இருக்கிறவனுக்கு ஆள் கிடைத்தால் போதும். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வால்டருடைய இடுப்பு, ஆப்பிள் மரம், இரண்டு கடிதம், சுண்ணாம்பு, கறையான் ஓட்டை. "ஆபிசர் பெரிய கடுமையான ஆளாக இருப்பார். அவர் கண்ணில் படுவதற்குள் இதை மூடிவிட வேண்டும். நீ யாரிடமும் சொல்லிவிடாதே," என்று கெஞ்சினேன்.

"எந்த ஓட்டை?" என்று கேட்டு, என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவளே ஏணியில் ஏறினாள். ஏறியவள் இறங்கவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து டோர்ச் எடுத்து அடித்தாள். "இதில் எதைத் திணித்திருக்கிறீர்கள்?" என்றாள். சவர்க்காரம் என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தன் பெயர் ஹெலன் என்றும், பழைய வீடுகளைப் பார்க்கிற ஆபிசர் தான்தான் என்றும் சொன்னாள். நான் மீதிச் சவர்க்காரத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

மார்கரட் அம்மா ஓடி வந்தார். ஹெலன் மேலேயிருந்தே பேசினாள். அவை கறையான் ஓட்டை இல்லை. கண்ணாடி இல்லாத காலத்தில் ஜன்னல் இடைவெளியில் மரக் கம்புகளைக் கோணம் முன்னால் வருகிற மாதிரி சீவி வரிசையாக நிறுத்துவார்களாம். அந்தக் கம்புகளின் தலை செருகியிருந்த குழிகள்தான் அவை. "இங்கே ஜன்னல் இருந்திருக்கிறது," என்றாள். "எப்போதோ மண் வைத்து அடைத்துவிட்டார்கள். புதிதாக ஜன்னல் வைப்பதுதான் மாற்றம். இருந்ததைத் திறப்பது வீட்டைப் பழையபடி ஆக்குவது. நான் சம்மதம் என்று எழுதுவேன்."

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு கம்பியால் இரண்டு குழிகளுக்கு நடுவே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினாள். களிமண் உள்பக்கமாக விழுந்தது. உள்ளேயிருந்து வால்டர் கத்தினார்.

"யாரது? என் கண்ணில் வெயில் அடிக்கிறது!"

மார்கரட் அம்மா முந்தானை இருந்தால் அதில் முகத்தை மூடியிருப்பார். அது இல்லாததால் என் தோளில் மூடிக்கொண்டார். நானும் அழுதேன். சவர்க்காரக் கையால் கண்ணைத் துடைத்தது என் தவறு.

வெள்ளை அடித்த குற்றத்துக்கு ஹெலன் தண்டனை கொடுக்காமல் விடவில்லை. மீதி நாட்கள் முழுக்க, நான் அடித்த வெள்ளையின்மேல் நானே ரோஸ் அடித்தேன்.

அந்த ஞாயிறு பாக்கியத்திடம் இதை எல்லாம் போனில் சொன்னேன். என்னை அறியாமலே கொஞ்சம் பெருமையாகவும் சொல்லிவிட்டேன். அவள் இருமிக்கொண்டே கேட்டாள். "புது ஜன்னல்னா முடியாது, பழைய ஜன்னல்னா பரவால்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். "சுண்ணாம்புக்குள்ள மறைஞ்சிருந்துச்சா?" ஆமாம் என்றேன். "சரிங்க, போன வைங்க. கறி அடுப்புல கெடக்கு," என்றாள். கறியை அடுப்பில் வைத்துவிட்டு யாராவது இரண்டு மைல் நடந்து பஸாருக்கு வருவார்களா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

புளத்கொகுபிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் இருக்கிற குறுக்குப் பாதையில் வந்தேன். றப்பர் மரங்களுக்குக் கீழே எங்கள் லயத்தின் பின்சுவர் தெரிந்தது. வெள்ளைச் சுவரின் நடுவில் என் மனைவியின் தலை இருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றது தலை. "நீங்க வாங்கிட்டு வருவீங்கன்னு பாத்தேன். அப்பறம் நானே வச்சிட்டேன்."

பக்கத்துக் காம்பரா மாரிமுத்துவை அலவாங்கோடு கூப்பிட்டு, மூன்று கல்லைப் பெயர்த்து, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வழி எடுத்திருக்கிறாள். மூன்று நாள் கழித்துத் தொரை வந்திருக்கிறார், யார் அனுமதி கொடுத்தது என்று சத்தம் போட்டிருக்கிறார். பாக்கியம் அசையவில்லை. "பரண ஜனேலயக் மாத்தயா," என்று சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறாள். பழைய ஜன்னல். சுண்ணாம்புக்குள் மறைந்திருந்தது. மாஸ்டர் இங்கிலாந்தில் இதைப் படித்துவிட்டு வருகிறார். தொரை யோசித்தாராம். அப்படியானால் மாஸ்டர் வந்ததும் எழுத்தில் கொடுக்கட்டும். உண்மை என்றால் இருக்கலாம், பொய் என்றால் சுவரை மூடுகிறதோடு அவளுக்கு வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வாத்தியார் வேலையில் நான் பிள்ளைகளை அடித்ததெல்லாம் பொய் சொன்னதற்குத்தான். ஒரு வேளை உண்மையாகவே அங்கே ஜன்னல் இருந்திருந்தால்? கரண்டியை எடுத்து அந்த இடைவெளியைச் சுற்றிச் சுரண்ட ஆரம்பித்தேன். சுண்ணாம்பு வந்தது, அதற்குக் கீழே சுண்ணாம்பு, அதற்குக் கீழேயும் சுண்ணாம்பு. ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷனுக்கும் ஒரு பூச்சு. விரல் தடிப்புக்கு வெள்ளை உரிந்த பிறகு கருங்கல் வந்தது. ஒரு நிலைச்சட்டமில்லை, ஒரு குழியில்லை, ஒரு மரத்துண்டில்லை. அந்தச் சுவரைக் கட்டியவன் ஜன்னலை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்னங்க தேடுறீங்க?" என்றாள் பாக்கியம்.

"ஜன்னல் இருந்ததுக்கு ஏதாவது அடையாளம்."

"இந்தா இருக்கே!" என்று ஜன்னலைக் காட்டினாள்.

அப்போதுதான் கவனித்தேன். நான் வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, புகை ஜன்னல் வழியாக றப்பர் மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. ஐந்து வருஷத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்காமல் நான் அவள் பக்கத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

பெட்டியைத் திறந்து, மார்கரட் அம்மா பரிசாகக் கொடுத்த பேனையை எடுத்தேன். நாலாவது கடிதத்தை எழுதினேன். பழைய சுண்ணாம்பை அகற்றியபோது ஆதியில் இருந்த ஜன்னல் ஒன்று வெளிப்பட்டது என்றும், அதைத் திறந்தது மாற்றம் அல்ல, கட்டடத்தைப் பழையபடி ஆக்கியதே என்றும், இங்கிலாந்திலும் இதுவே வழக்கம் என்றும் எழுதினேன். பணிவான சொல் ஒன்றுகூட வரவில்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் நான் எழுதிய முதல் பொய், விளக்கு இல்லாமல் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

நாலு நாளில் பதில் வந்தது. பழைய ஜன்னல் என்பதால் இருக்கலாம், சுற்றிச் சுண்ணாம்பு அடித்து வைக்கவும்.

அடுத்த ஞாயிறு காலையில் பக்கத்துக் காம்பராவில் ணங் ணங்கென்று அலவாங்குச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாரிமுத்து தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு இஸ்தோப்பில் வந்து நின்றான்.

"மாஸ்டர், எங்க காம்பராவுலயும் ஒரு பழைய ஜன்னல் இருக்குங்க."

"பாத்தியா?"

"பாதி பாத்துட்டேங்க. மீதி மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிரும்." தலையைச் சொறிந்தான். "ஒரு லெட்டர் எழுதித் தாங்க. கோடிக் காம்பராவுக்கும் சேத்து."

நான் பேனை மூடியைக் கழற்றினேன்.

"அகலம் எத்தன அடி?" என்று கேட்டேன்.